மாயக் கதைகள் பிள்ளைகளைக் கெடுக்குமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் மாலை 4.30 மணிக்குக் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். 11 வருடம் ஆகிறது. கதை முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கூட்டிப்போக வந்த அம்மாவோ தாத்தாவோ மெதுவாகப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். "தப்பா நினைக்காதீங்க மேடம், ஒரு சந்தேகம்..." ஆள்தான் மாறுவார்கள், சந்தேகம் மாறாது. நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொன்ன பதில்கள் போதவில்லை என்று தோன்றியதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"மாயக் கதைன்னா எதைச் சொல்றீங்க? பேய்க் கதை மட்டுமா?"

நடைமுறையில் நடக்கவே முடியாத ஒன்று நடக்கிற எல்லாக் கதையும்தான். ஏழு மலை, ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதி, பறக்கும் கம்பளம், முருங்கை மரம் ஏறும் வேதாளம் எல்லாம் இதில் சேரும். பாட்டி வடை சுட்ட கதையில் காக்காயிடம் நரி பாடச் சொல்கிறதே, அதுவும் சேரும். அப்படிப் பார்த்தால் மாயக் கதை கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் ஒருவரும் இல்லை. அம்புலிமாமா 1947-இல் வந்தது, முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி 1972-இல் வந்தார். இன்று என்னிடம் சந்தேகம் கேட்கும் தாத்தாக்கள் பலர் இவர்களோடு வளர்ந்தவர்கள்.

"என் பொண்ணுக்கு நாலு வயசு. நிஜம் எது, கதை எதுன்னு அவளுக்குப் பிரிக்கத் தெரியுமா?"

பெரும்பாலும் தெரியும். அதற்குக் குழந்தைகளே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: 'சும்மாச்சுக்கும்'. மண்ணில் சோறாக்கி உங்களுக்கு ஊட்டுகிற குழந்தை, நீங்கள் நிஜமாகவே வாயில் போட்டால் பதறிப்போய்த் தடுக்கும். கோட்டின் இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று அவளுக்குத் தெரிகிறது.

ஆனால் அந்தக் கோடு இன்னும் ஈரம் காயாதது. பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 4 வயது, 6 வயதுக் குழந்தைகளிடம் ஒரு காலிப் பெட்டியைக் காட்டி, சிலரிடம் 'உள்ளே ஒரு முயல் இருப்பதாக நினைத்துக்கொள்', சிலரிடம் 'ஒரு பூதம் இருப்பதாக நினைத்துக்கொள்' என்றார்கள். பெட்டியில் ஒன்றும் இல்லை, சும்மா நினைப்புதான் என்று குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள். தனியே விட்டதும் பலர் போய்ப் பெட்டியைத் தொட்டார்கள், திறந்து பார்த்தார்கள். பூதத்தை நினைத்த சில சின்னப் பிள்ளைகள், ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போகவே விடவில்லை. தெரியும், ஆனாலும் ஒருவேளை இருந்துவிட்டால்? பேய்ப் படம் பார்த்த இரவில் நாமும் கொல்லைப்புற விளக்கைப் போட்டுவிட்டுத்தானே போகிறோம். நாலு வயதில் இந்த 'ஒருவேளை' பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். "இது சும்மாச்சுக்கும்தானே?" என்று அவள் கேட்டால், ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லுங்கள். இந்த ஒரு பதிலில் மட்டும் விளையாட வேண்டாம்.

"பேய், ராட்சசன்னு கேட்டுட்டு ராத்திரி அலறுறானே?"

பயம் வரத்தான் செய்யும். மடியில் உட்கார்ந்து கேட்கிற கொஞ்சம் பயம் குழந்தைக்குப் பிடித்தமானதும்கூட. 'இன்னொரு தடவை' என்று அவன் கேட்பது அந்தப் பயத்தைத் தான் தாண்டிவிட்டதை மறுபடி பார்க்கத்தான். நான் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களைச் சொல்கிறேன். ஐந்து வயதுக்குக் கீழே பிணம், ரத்தம் வருகிற கதை சொல்வதில்லை. பயமான கதையைப் படுக்கையில் சொல்லாமல் வெளிச்சம் இருக்கும்போதே சொல்லி முடிப்பேன். எந்தக் காரணத்துக்காகவும் ராட்சசனை உயிரோடு விட்டுவிட்டு 'மீதி நாளைக்கு' என்று நிறுத்த மாட்டேன், ஏனென்றால் அவன் குழந்தையோடு வீட்டுக்குப் போய்விடுவான். சொல்லும்போது புத்தகத்தைவிடக் குழந்தையின் முகத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் பயம் போகவில்லை, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்துவிட்டது, பகலில்கூட அடுத்த அறைக்குத் தனியாகப் போக மறுக்கிறான் என்றால், கதையோடு நிறுத்தாமல் வேறு ஏதாவது நடந்ததா என்று விசாரியுங்கள். குழந்தைகள் நல மருத்துவரிடமும் காட்டுங்கள். குழந்தைகள் வேறொரு பயத்தைச் சொல்லத் தெரியாமல் அதைப் பேயின் பெயரில் சொல்வதுண்டு.

"சாப்பிட அடம்பிடிச்சா பூச்சாண்டி வருவான்னு சொல்றோம். எங்க அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. அது தப்பா?"

தப்புதான். மாயக் கதையால் கெடுதல் உண்டா என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். கதையில் வரும் பூதத்துக்கு ஓர் ஆரம்பமும் முடிவும் உண்டு, அதை ஜெயிக்க ஒரு வழியும் உண்டு. பூச்சாண்டிக்கு முடிவே கிடையாது. அவன் எப்போதும் வாசல் இருட்டில் நின்றுகொண்டிருக்கிறான். அவனைக் கூப்பிடுவதும் யார்? பயந்தால் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டிய அதே அம்மா. ஓடி ஒளிய இடமே இல்லாமல் போகிறது.

பூச்சாண்டிக்குப் பதிலாக போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர், சாக்குப்பை தூக்கிப் போகும் பெரியவர் என்று நிஜ மனிதர்களைச் சொல்வது இன்னும் மோசம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோகும் குழந்தை போலீஸ்காரரைப் பார்த்ததும் அவரிடம் போக வேண்டும், பயந்து ஒளியக் கூடாது.

"பறக்கிற ஹீரோவைப் பார்த்துட்டு மாடியில இருந்து குதிச்சுட்டா என்ன பண்றது?"

இது வீண்பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2007-இல் பிரிட்டன் மருத்துவர்கள், சூப்பர் ஹீரோ உடை போட்டுக்கொண்டு அடிபட்டு வந்த 3 முதல் 8 வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தூர்தர்ஷனில் 1997-இல் தொடங்கிய சக்திமான் தொடரைப் பார்த்துக் குழந்தைகள் ஆபத்தில் இறங்குவதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்ததும், சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா திரையில் தோன்றி 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் நூலகத்திலேயே ஒரு பையன் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாசலின் மூன்றாம் படியிலிருந்து குதித்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். மருந்து போடும்போது, "ஏன் மேல்படியிலிருந்து குதிக்கல?" என்று கேட்டேன். "அது உசரம் மிஸ்" என்றான். தன்னால் பறக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் விளையாட்டு வேகத்தில் எல்லாக் குழந்தையும் மூன்றாம் படியோடு நிற்காது. அதனால் ஆறேழு வயதுக்குட்பட்டவர்களிடம் பறக்கும் கதை சொன்ன அன்றைக்கு, 'கதைல பறக்கலாம், நாம குதிச்சா கால் உடையும்' என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். கதை சொல்லாத வீட்டுக்கும் அது தேவைதான்.

"இந்த நேரத்துல ஜி.கே. படிச்சா உபயோகமா இருக்குமே? நடக்காத கதையால என்ன லாபம்?"

போன ஆனி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொல்லும் கதைகளில் ஒன்றை எடுத்தேன். நாலு சகோதரர்கள் ஆளுக்கொரு வித்தை கற்றுவருகிறார்கள். காட்டில் ஓர் எலும்பு கிடைக்கிறது. ஒருவன் அதற்குச் சதை வரவைக்கிறான், அடுத்தவன் தோலும் ரோமமும், மூன்றாமவன் மற்ற உறுப்புகளும் வரவைக்கிறான், நாலாமவன் உயிர் கொடுக்கிறான். எழுந்தது சிங்கம். நாலு பேரையும் கொன்றுவிடுகிறது. 'குற்றம் யார்மேல்? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்' என்கிறது வேதாளம். அரசனின் பதிலைச் சொல்லாமல் அங்கேயே நிறுத்தினேன்.

பதினான்கு பிள்ளைகள், முக்கால் மணி நேரம், ஒரே சத்தம். "ஆரம்பிச்சு வச்சவன்தான் தப்பு" என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். "நாலு பேருமேதான்" என்று ஒரு கூட்டம். எப்போதும் பின்னால் உட்காரும் ஒரு பெண் கையைத் தூக்கி, "எலும்பைப் பார்த்தா சிங்கம்னு தெரியாதுல்ல? கடைசி ஆளு முன்னாடி முழுச் சிங்கம் படுத்திருக்கு. தெரிஞ்சேதான உயிர் குடுத்தான்?" என்றாள். அரசனின் பதிலும் அதுதான், உயிர் கொடுத்தவனே குற்றவாளி. நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது இன்னொருவன் விடவில்லை: "அப்ப மத்த மூணு பேரும் அவனை ஏன் தடுக்கல?" அரசனிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அறியாமல் செய்தது, அறிந்து செய்தது, பார்த்துக்கொண்டு நின்றது. பெரியவர்களின் நீதிமன்றத்தில் பேசும் விஷயத்தை ஒன்பது, பத்து வயதில் தொண்டை வறளப் பேசினார்கள். ஜி.கே. புத்தகத்தில் விடை பின்பக்கத்தில் இருக்கும், அதுவும் வேண்டியதுதான், நானும் வினாடி வினா நடத்துகிறேன். ஆனால் இந்த முக்கால் மணி நேரத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. எலும்பிலிருந்து சிங்கம் எழுகிற உலகத்தில்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு சுத்தமாகக் கேட்க முடிகிறது.

"யூடியூப்ல கார்ட்டூன் போட்டுவிடுறோமே, அதுவும் கதைதானே?"

கதைதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. 2011-இல் அமெரிக்காவில் 60 நாலு வயதுக் குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வேகமான மாயாஜாலக் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்தது, ஒன்று நிதானமான குடும்பக் கார்ட்டூன் பார்த்தது, ஒன்று படம் வரைந்தது. உடனே வைத்த சோதனையில், கவனத்தையும் பொறுமையையும் கட்டுப்படுத்தும் திறனில் முதல் பிரிவு பின்தங்கியது. வேகத்தைவிட, நடக்க முடியாத காட்சிகள் அடுத்தடுத்துக் கொட்டுவதுதான் முக்கியக் காரணம் என்று அதே ஆய்வாளர், ஆஞ்சலீன் லில்லார்ட், பின்னர் 2015-இல் எழுதினார். இது பார்த்த உடனே வரும் சோர்வைப் பற்றிய முடிவுதான், ஆயுளுக்கும் கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் கார்ட்டூன் வேண்டாம் என்பதற்கு இது போதும்.

வாயால் சொல்லும்போது பூதத்தின் உருவத்தைக் குழந்தையே செய்துகொள்கிறது, தன்னால் தாங்க முடிகிற அளவுக்கு. 'அப்புறம்?' என்று கேட்டால்தான் அடுத்தது வரும். நடுவில் நிறுத்தி, 'அதுக்கு எத்தனை பல்லு?' என்று கேட்கலாம். திரை அதற்காகக் காத்திருப்பதில்லை.

"நாங்க பகுத்தறிவுக் குடும்பம். பேய், மந்திரம்னு சொல்லிக் கொடுத்தா மூடநம்பிக்கை வளராதா?"

உங்கள் அக்கறை என்னுடையதும்தான். ஆனால் மூடநம்பிக்கை 'ஒரே ஒரு ஊரிலே' என்று ஆரம்பித்து வருவதில்லை. 'நம்ம தெரு முனைப் புளியமரத்துல ஒண்ணு இருக்கு, போன வெள்ளிக்கிழமை கூட ஒருத்தர் பார்த்தாராம்' என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதிலிருந்து வருகிறது. முதலாவது சும்மாச்சுக்கும் என்று சொல்லிவிட்டு வரும் கதை. இரண்டாவது செய்தி வேடம் போட்ட கதை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் குழந்தைகள் இல்லை. அவர்கள் நம்பியதை யாரும் கதை என்று சொல்லித் தரவில்லை. கதையைக் கதையாகவே நிறையக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒன்றைக் கேட்டதும் 'இது யாரோ கட்டினது' என்று மோப்பம் பிடிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மாயக் கதையையே ஒழித்துப் பார்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 1920-களில் சோவியத் ரஷ்யாவின் கல்வியாளர்கள் பலர் தேவதைக் கதைகளை எதிர்த்தார்கள். குழந்தைகளுக்காக எழுதிய கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கியின் முதலைப் பாட்டை லெனினின் மனைவி குரூப்ஸ்கயா 1928-இல் கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் கடுமையாகச் சாடினார். அந்தக் காலத்து ஒரு வீட்டைப் பற்றி சுக்கோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். கதையே கூடாது என்று கொள்கையோடு மகனை வளர்த்தார் ஒரு தாய். அந்தப் பையன் தன் அறையில் ஒரு சிவப்பு யானை குடியிருப்பதாகத் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டான். நாம் கொடுக்காவிட்டால் குழந்தையே செய்துகொள்ளும்.

"எங்க சபையில மந்திரவாதிக் கதையெல்லாம் ஆகாதுன்னு சொல்றாங்க."

உங்கள் வீட்டு முடிவு உங்களுடையது. சொன்னால் அந்த வாரம் வேறு கதை வைத்துக்கொள்வேன், பிள்ளையைத் தனியே எழுந்துபோக வைக்க மாட்டேன். இந்த எதிர்ப்பு நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில் 2000 முதல் 2009 வரை மிக அதிகமாக எதிர்ப்புக்கு உள்ளானது ஹாரி பாட்டர் வரிசைதான்.

ஒன்றை மட்டும் யோசிக்கச் சொல்வேன். வேதாகமத்தில் நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில் மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்துவிட, முட்செடி ஒப்புக்கொள்கிறது. பேசும் மரங்களை வைத்துத்தான் யோதாம் அங்கே உண்மையைச் சொல்கிறான். புத்தகத்தை மறுப்பதற்கு முன் ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள், அதற்குமேல் நான் வாதாட மாட்டேன்.

"நல்லது செய்ற விலங்குக் கதை சொன்னா நல்ல குணம் வந்துடுமா?"

அப்படி நேராக வராது. டொரான்டோவில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பகிர்ந்துகொள்ளும் கதையை விலங்குகளை வைத்துச் சிலருக்கும், அதே கதையை மனிதர்களை வைத்துச் சிலருக்கும் படித்துக் காட்டினார்கள். மனிதர் கதை கேட்டவர்கள்தான் தங்கள் ஸ்டிக்கர்களை அதிகமாகப் பிறருக்குக் கொடுத்தார்கள். நீதி புகட்டுவதற்காக மாயக் கதை வேண்டும் என்று நான் வாதிடாததற்கு இதுவும் ஒரு காரணம். அதன் பலம் வேறு, மேலே சிங்கக் கதையில் சொன்னது.

"கடைசியில ராட்சசனைக் கொல்றதை மாத்தி, திருந்திட்டான்னு சொல்லலாமா? வன்முறையா இருக்கே."

சொல்லிப் பார்த்தேன். சின்னக் குழந்தைகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரையே தின்றவன் மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்பது அவர்களுக்கு அநியாயமாகப் படுகிறது. கொன்றான் என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள், எப்படிக் கொன்றான் என்று விவரிக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளிடம் 'ராட்சசன் பக்கத்துக் கதையை நீ சொல்லு' என்று விட்டால் அவர்களே வேறு முடிவு கொண்டுவருவார்கள்.

"ராட்சசி கறுப்பு, இளவரசி சிவப்பு. பழைய கதையை அப்படியேதான் சொல்லணுமா?"

கூடாது. பேயைவிடப் பெரிய கெடுதல் இங்கேதான் இருக்கிறது, இதைப் பற்றிக் கேட்பவர்கள்தான் மிகக் குறைவு. கதை கேட்டபின் படம் வரையச் சொல்வது எங்கள் வழக்கம். ஒரு நாள் ஒரு சிறுமி இளவரசிக்கு வெளிர் ரோஜா நிறக் கிரேயானைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஸ்கின் கலர் யார்கிட்ட இருக்கு?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். அந்தக் கிரேயானுக்காக நீட்டிய அவள் கை நல்ல கறுப்பு. ராட்சசிக்கு அடர்ந்த பழுப்பைப் போட்டு முடித்திருந்தாள். அவளுடைய சொந்த நிறம் அந்தத் தாளில் ராட்சசியிடம் இருந்தது.

அன்றைக்கு நான் சொன்ன கதையில் 'கன்னங்கரேல் என்று ஒரு ராட்சசி' என்ற வரி இருந்தது. என் பாட்டி சொன்னபடியே நானும் சொல்லியிருந்தேன். பேய் சும்மாச்சுக்கும் என்று குழந்தைக்குத் தெரியும். கறுப்பு என்றால் கெட்டது, மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி, நொண்டி என்றால் சூழ்ச்சிக்காரன் என்பதெல்லாம் சும்மாச்சுக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அவை சத்தமில்லாமல் நிஜத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இப்போது என் இளவரசிகள் கரிசல் மண் நிறத்தில் இருக்கிறார்கள். ராட்சசனுக்கு நிறமே சொல்வதில்லை, வாய் நாற்றத்தை மட்டும் சொல்கிறேன்.

"என் பையன் யாருமே இல்லாத இடத்துல யார்கூடயோ பேசுறான். கதை கேட்டுத்தான் இப்படி ஆயிட்டானா?"

கற்பனைத் தோழன் இருப்பது நோயில்லை. மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் இதையே பல வருடம் ஆராய்ந்தவர். 2004-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படித் தோழன் இருந்த குழந்தைகள் பாதிக்கும் மேல். பெரும்பாலோருக்கு அது சும்மாச்சுக்கும் என்று நன்றாகத் தெரியும். கேலி செய்யாதீர்கள், தட்டு வைத்துச் சாப்பாடும் போட வேண்டாம். அந்தத் தோழன் அவனைக் காயப்படுத்தச் சொல்கிறான், அவனுக்கு அடங்கித்தான் ஆக வேண்டும் என்று குழந்தை பயத்தோடு சொன்னால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

"பதின்மூணு வயசு. எந்நேரமும் இந்த மாயக் கதைப் புத்தகத்துலயே கிடக்கிறா. பிடுங்கி வச்சிடட்டுமா?"

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கோடை விடுமுறை முடிந்த பிறகும் தினமும் பள்ளி விட்டதும் நேராக நூலகத்துக்கு வந்தாள். கடைசி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து, விளக்கை அணைக்கும் வரை தடித்தடியான மாயக் கதை வரிசைகளைப் படித்தாள். அவள் அம்மா வந்து, இந்தப் புத்தகங்களைக் கொடுக்காதீர்கள் என்று கண்ணீரோடு கேட்டார். நான் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னேன். அவளிடம் கதையைப் பற்றி மட்டும் பேசினேன். மூன்றாவது வாரம், அந்தக் கதையில் யாருமே பேசாத ஒரு பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், புதுப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குத் தன்னோடு யாரும் உட்காருவதில்லை என்று சொல்லிவிட்டாள். ஜூன் மாதத்திலிருந்து தினமும்.

புத்தகத்தைப் பிடுங்கியிருந்தால் இருந்த ஒரே துணையும் போயிருக்கும். எதற்குள் போகிறாள் என்று பார்ப்பதற்கு முன்னால், எதிலிருந்து ஓடி வருகிறாள் என்று பாருங்கள். தூக்கம், சாப்பாடு, குளியல் குறைந்தால், பழைய தோழிகளையும் ஒதுக்கினால், கதையைப் பற்றிக்கூடப் பேச மறுத்தால் அது வாசிப்புப் பிரச்சினை இல்லை, உதவி தேவை. அவள் அம்மா வகுப்பாசிரியரிடம் பேசினார், சாப்பாட்டு இடம் மாறியது. தை மாதத்தில் ஒரு நாள் அவள் இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் பாகம் இருவருக்கும் வேண்டுமாம், ஒரு பிரதிதான் இருந்தது. ஜன்னலோரத்தில் நெருக்கி உட்கார்ந்து, ஒருத்தி பக்கத்தை முடிக்கும் வரை இன்னொருத்தி காத்திருந்து படித்தார்கள்.